கொளஞ்சியப்பன் எண்ணிய ஏழு வெடி

எங்கள் தியேட்டரில் ஒரு படம் எத்தனை நாள் ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறவர்கள் மூன்று பேர். ஒருவர் திருச்சி விநியோகஸ்தர், இன்னொருவர் எங்கள் முதலாளி, மூன்றாவது ஆள் கொளஞ்சியப்பன். முதல் இருவருக்கும் நான் வணக்கம் வைத்தே ஆகவேண்டும், மேலாளரான எனக்குச் சம்பளம் அங்கிருந்து வருகிறது. மூன்றாவது ஆளுக்கு வைக்கவேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த எரிச்சல் எனக்குப் பல வருடம் இருந்தது.

கொளஞ்சியப்பன் சினிமாக்காரர் இல்லை. அரியலூருக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கிறவர். திருமானூர்ப் பக்கத்து ஆள். அவருடைய அப்பா கரும்பு வெட்டினார். இவருக்குக் கரும்புச் சோகை பட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகும், அதனால் பத்தொன்பது வயதில் கல் உடைக்க வந்துவிட்டார். சம்மட்டி பிடித்தார், பிறகு பாறையில் குழி போடும் மெஷினில் நின்றார், பிறகு பரீட்சை எழுதி வெடி வைப்பதற்கான சர்டிபிகேட் வாங்கினார். மூன்றாவது தடவைதான் பாஸானார் என்பதை அவரே சொல்வார். அந்தச் சர்டிபிகேட் அவர் வீட்டில் சாமி படங்களுக்கு நடுவில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். விளக்கு ஏற்றும்போது அவர் மனைவி இருசம்மாள் அதற்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டுவார்.

சுரங்கத்துக்கு ஞாயிறு விடுமுறை. புதுப்படம் வந்த முதல் ஞாயிறு பகல் காட்சிக்குக் கொளஞ்சியப்பன் வருவார், ஐந்தாவது வரிசை, ஓரத்து நாற்காலி. கூட வருகிறவன் கண்ணையன். குழி போடும் மெஷினில் இவருக்குப் பிறகு நிற்கிற ஆள், சொந்தத் தம்பி போல ஒட்டிக்கொண்டு திரிகிறவன். மறுநாள் காலை, சுரங்க வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில், ஷிப்டுக்கு முன்னால் தீர்ப்பு. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்குவார். வலக்கை விரல்களில் நிறை, இடக்கை விரல்களில் குறை. வலக்கை ஜெயித்தால் அந்த வாரம் சுரங்கத்திலிருந்து எங்களுக்கு இருநூறு பேர் நிச்சயம். இடக்கை ஜெயித்தால் எங்கள் கேண்டீன் போண்டா மறுநாளும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

பாட்டு, டான்ஸ், சிரிப்பு எதையும் அவர் கணக்கில் எடுக்க மாட்டார். வேலை தெரிந்து எடுத்திருக்கிறானா என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. ஏர் ஓட்டுகிற கதாநாயகன் மேழியைப் பிடிக்கிற பிடி, ஊசி போடுகிற நர்ஸ் சிரிஞ்சைப் பார்க்கிற பார்வை, இப்படி. ஒரு குடும்பப் படத்தில் கதாநாயகி மாவாட்டும்போது கை சுற்றிய பக்கம் தப்பு என்று இடக்கைச் சுண்டுவிரலை நீட்டியவர் அவர். அந்தப் படம் பத்து நாளில் படுத்துவிட்டது. அது அவரால் என்று முதலாளியும், படத்தால் என்று நானும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

‘பாதாள இயந்திரம்’ 1998-இல் வந்தது. ஆங்கிலப் படம், தமிழ்க் குரல். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வானத்திலிருந்து விழுந்து பூமிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரத்தைச் சுரங்கத் தொழிலாளிகள் தெரியாமல் எழுப்பிவிடுகிறார்கள். அது ஊர்களுக்கு அடியில் குடைந்துகொண்டே போகிறது. ஒரு பெண் இன்ஜினீயர் அதை ஒழித்துக்கட்டுகிறாள். சுரங்கக் கதை என்றால் அரியலூரில் கேட்கவா வேண்டும். குழிக்குள் பறக்கும் தூசி நிஜத் தூசி, லாரிச் சக்கரத்தின் உயரம் சரி, பெண் இன்ஜினீயர் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை என்று கொளஞ்சியப்பனின் வலக்கையில் மூன்று விரல். வெடிக்குமுன் சங்கு ஊதவில்லை என்று இடக்கையில் ஒன்று. வெளிநாட்டுப் படம் ஒன்று எங்கள் தியேட்டரில் இருபத்தொரு நாள் ஓடியது அப்போதுதான்.

ஆகவே 2001-இல், அரியலூர் தனி மாவட்டமாகித் தலையை நிமிர்த்தியிருந்த அந்த வருடம், இரண்டாம் பாகம் வருகிறது என்றதும் முதலாளிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதற்கென்றே புது ஸ்பீக்கர் வாங்கிப் பக்கத்துக்கு நான்காக மாட்டினார். உடையார்பாளையம் வரை ஆட்டோவில் மைக் கட்டி, ஊசி விழும் சத்தம்கூடக் கேட்கும் என்று அறிவித்தோம். எழுதிக் கொடுத்தது நான்தான்.

படத்தை வெள்ளிக்கிழமையே பார்த்துவிட்டேன். என் கருத்தைக் கேட்டால், முதல் பாகத்தைவிடப் பெரிசு, முதல் பாகத்தைவிட நல்லது என்று சொல்ல மாட்டேன். இந்தத் தடவை இரண்டு இயந்திரம். பழையது செத்துக் கிடக்க, அதன் வயிற்றிலிருந்து சின்னது ஒன்று கிளம்புகிறது. அது நகரும்போது இரும்பின் கனம் நமக்கே தோளில் இறங்கும், அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார்கள். கெட்டது, வில்லன். கம்பெனி முதலாளி என்று ஒருவர் வந்து தேவையில்லாமல் கத்திக்கொண்டே இருப்பார். துரத்தலும் அதிகம். ஒரு துரத்தல் முடிந்து அப்பாடா என்று காலை நீட்டினால் அடுத்தது வந்துவிடும். ஆனால் முடிவுக்குச் சற்று முன்னால் இருபது நிமிடம் வருகிற குகைக் காட்சி ஒன்று போதும், முழு டிக்கெட்டுக்கும் பெறும். மேலே பாறை விரிசல் விட்டிருக்கிறது, அந்தப் பக்கம் இயந்திரம் படுத்திருக்கிறது. கதாநாயகனும் இன்ஜினீயர் பெண்ணும் காதோடு காதாகப் பேசியபடி ஏழு இடத்தில் வெடி வைத்துக்கொண்டே வெளியே வருவார்கள். முதல் பாகத்தில் ஓடிக்கொண்டே இருந்த இருவரும் இதில்தான் மனிதர்களாகத் தெரிந்தார்கள். அந்தக் கிசுகிசுப்பு புது ஸ்பீக்கரில் பின்வரிசை வரை வந்தது. நான் பெருமையோடு சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சியப்பன் வந்தார், பார்த்தார், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனார். கண்ணையனுக்கு அன்றைக்குக் காய்ச்சல், அவன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மாலைக் காட்சியில் பாதி அரங்கு காலி. டிக்கெட் கொடுக்கிற பையனை விசாரித்தால் தீர்ப்பு தெரியவந்தது. புது இயந்திரத்தின் அசைவுக்கு வலக்கையில் ஒரு விரல். அந்தப் பெண் ஏழு வெடி வைத்தாள், ஏழும் சுத்தமாக வெடித்தது என்று இன்னொரு விரல். இடக்கையில் வில்லனுக்கு ஒன்று, கதாநாயகன் ஹெல்மெட் போடாததற்கு ஒன்று. கடைசி விரல்தான் என் தலையில் விழுந்தது. இருபது நிமிடம் வாயை வாயை அசைக்கிறார்கள், சத்தமே இல்லை, புது ஸ்பீக்கர் புட்டுக்கிச்சு, காசு வாங்கிக்கொண்டு ஊமைப்படம் காட்டுகிறார்கள் என்று சொல்லியிருந்தார்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். தனக்கு ஆரோக்கியசெல்வம் என்று பெயர் வைத்த சாமியாரிடமே சண்டை போட்டவன் என்று என் மனைவி லீலா மேரி வரதராஜன்பேட்டை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். முதலாளி வேறு என்னைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரை மாட்டச் சொன்னால் மாட்டுக் கொட்டகையில் மாட்டினாயா என்று கேட்டார். மூன்று நாள் பொறுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் டிவிஎஸ்-50யை எடுத்துக்கொண்டு சுரங்கத்துக்கே போய்விட்டேன்.

சுரங்கத்துக்கு அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே சிவப்புக் கொடி காட்டி நிறுத்திவிட்டார்கள். வெடி நேரம். சங்கு ஊதியது. தூரத்தில் மேட்டில் கொளஞ்சியப்பன் தனியாக நிற்பது தெரிந்தது. வெடிக்க ஆரம்பித்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். எனக்கு அப்போது அதெல்லாம் முக்கியமாகப் படவில்லை. அவரிடம் என்ன கேட்கவேண்டும் என்று மனசுக்குள் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். மறுபடி சங்கு ஊதிக் கொடியை இறக்கினார்கள்.

டீக்கடையில் நான் போட்ட கூச்சலுக்கு மாஸ்டரே ஆற்றுவதை நிறுத்திவிட்டார். கொளஞ்சியப்பன் கோபிக்கவில்லை, நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க ஒருத்தர்தான் செல்வம் சார் வாயத் தொறந்து பேசுறீங்க. இப்பல்லாம் அவனவன் முணுமுணுக்குறான்,” என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் ஞாயிறு, காலைக் காட்சிக்கு வாருங்கள், பக்கத்திலேயே நான் உட்காருகிறேன், ஸ்பீக்கரில் கோளாறு இருந்தால் கவுண்டரை மூடிவிடுகிறேன், இல்லாவிட்டால் திங்கட்கிழமை இதே கடையில் அந்த விரலை மடக்கவேண்டும் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

காலைக் காட்சிக்கு நாற்பது பேர்கூட இல்லை. ஐந்தாவது வரிசையில் ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் கண்ணையன், நடுவில் கொளஞ்சியப்பன். குகைக் காட்சி வந்தது. மேலே பார்க்காதே, என் முகத்தைப் பார், இங்கே இடிந்து விழாமல் இருப்பது அது ஒன்றுதான் என்று கதாநாயகன் கிசுகிசுப்பான். தமிழில் எழுதியவர் எந்தத் தைரியத்தில் எழுதினாரோ, கண்ணையன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கொளஞ்சியப்பன் என் பக்கம் திரும்பி, வெற்றியோடு, சத்தமே இல்லை பார்த்தீர்களா என்று கையை விரித்தார். நன்றாகத்தானே கேட்கிறது என்று கண்ணையன் சொன்னதும், நான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து வளைத்துவிட்டதாக நினைத்து அவனை முறைத்தார்.

கடைசிக் காட்சி. ஏழு வெடியையும் வைத்துவிட்டு இருவரும் வெளியே வந்து படுத்துக்கொள்கிறார்கள். திரையில் குகை வாய் மட்டும், கறுப்பாக. வெடிச் சத்தம் மட்டும் உள்ளேயிருந்து வரும். கொளஞ்சியப்பன் தன்னை அறியாமல் விரலை மடக்கினார். முடிந்ததும் ஏழு என்று திருப்தியாகச் சொன்னார். கண்ணையன் ஆறுதான் என்றான். அது அவர் காதில் விழவில்லை. அவன் ஆறு விரலைக் காட்டினான்.

விளக்கு போட்டதும் இருவருக்கும் வாக்குவாதம். நான் உற்சாகமாகிவிட்டேன். கூட்டம் கலைந்ததும் ஆபரேட்டரிடம் சொல்லிக் கடைசி ரீலை மறுபடி ஓட்ட வைத்தேன். காலி அரங்கில் மூவரும் நின்றுகொண்டே கேட்டோம். இந்தத் தடவை நானும் எண்ணினேன். ஆறு. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஓர் இடைவெளி, ஒன்று விழவேண்டிய இடத்தில் ஒன்றும் விழவில்லை. கொளஞ்சியப்பன் ஏழு விரல் மடக்கியிருந்தார். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார். அப்போதும் ஏழு. ஆபரேட்டர் மேலே ஓட்டை வழியாக இரண்டு கையையும் நீட்டி ஆறு விரல் காட்டினான்.

அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபோது, மூன்று நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்த என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு கட்டையில் போய் உட்கார்ந்தார். விஷயம் என்ன என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. குழிகளில் மருந்தை வைத்துத் திரியைக் கொளுத்திவிட்டு ஓடிவந்த பிறகு, வெடி வைத்தவருடைய வேலை எண்ணுவதுதான். பதினோரு குழி வைத்தால் பதினோரு சத்தம் கேட்கவேண்டும். பத்து கேட்டால் ஒன்று உள்ளே உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அரை மணி நேரம் யாரையும் விடக்கூடாது, அப்புறம் அதைத் தேடி எடுக்கவேண்டும். எடுக்காமல் விட்டால், மறுநாள் அதே இடத்தில் மெஷினை ஊன்றுகிறவனுடைய கால் அதன் மேல்தான் இருக்கும். அந்தச் சுரங்கத்தில் பன்னிரண்டு வருடமாக எண்ணியவர் கொளஞ்சியப்பன் ஒருவர்தான். அவர் எண்ணுகிறார் என்பதால் வேறு யாரும் எண்ணுவதே இல்லை.

“நேத்து பதினோரு குழி,” என்றார். “பதினொண்ணும் எண்ணுனேன். ஆனா இப்ப நெனச்சா, காதுல வுழுந்து எண்ணுனேனா, வுழுவணும்னு நெனச்சு எண்ணுனேனான்னு தெரியல.”

பிறகு என்னைப் பார்த்து, நேற்று நீங்களும் கொடிக்கு அந்தப் பக்கம் நின்றீர்களே, எத்தனை கேட்டது என்று கேட்டார். நான் என்ன சொல்வேன். கோபத்தில் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன் என்றா சொல்வேன். எண்ணவில்லை என்றேன். கண்ணையன் எதிர்க்காற்றில் மறுபக்கம் கொடி பிடித்துக்கொண்டிருந்தவன், அவனும் எண்ணவில்லை. திங்கட்கிழமை காலை அந்த இடத்தில் மெஷின் ஊன்ற வேண்டியவன் அவன்தான்.

ஆனால் அவன்தான் முதலில் வாயைத் திறந்தான். யாரிடமும் சொல்ல வேண்டாம் அண்ணே, விடியற்காலையில் நானே போய் ஒவ்வொரு குழியாகப் பார்த்துவிட்டு வருகிறேன், சத்தமில்லாமல் முடிந்துவிடும் என்றான். நானும், வெட்கத்தோடு சொல்கிறேன், என் வாயிலிருந்து இது வெளியே போகாது என்று சத்தியம் செய்தேன். காது கேட்காத ஆளிடம் எந்தச் சுரங்கமும் வெடியைக் கொடுக்காது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். நாற்பத்தாறு வயதில் அவர் மறுபடி சம்மட்டி பிடிக்க வேண்டும். கண்ணாடி போட்ட சர்டிபிகேட் வெறும் காகிதமாகிவிடும்.

கொளஞ்சியப்பன் எழுந்து சைக்கிள்களுக்கு நடுவில் இப்படியும் அப்படியும் நடந்தார். இரண்டு தடவை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அதில் ஒன்றும் இல்லை. பிறகு வந்து என் டிவிஎஸ்-50யின் பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

“மைன்ஸ் மேனேஜர் வூட்டுக்கு வுடுங்க. நாளைக்குக் காலையில மொதக் குழி போடுறவன் இவன், செல்வம் சார்,” என்றார்.

சுரங்க மேனேஜர் வீரமுத்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவாமலேயே வாசலுக்கு வந்தார். எனக்குக் காது சரியில்லை, எத்தனை நாளாக என்று தெரியாது, நேற்றைய எண்ணிக்கையை நம்பாதீர்கள் என்று கொளஞ்சியப்பன் நின்றபடியே சொன்னார். வீரமுத்து திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. காதுக்கு டாக்டர் சீட்டு வருகிற வரைக்கும் வெடிப் பெட்டிப் பக்கமே போகக்கூடாது, நாளைக்கு அந்த இடத்தில் மெஷின் இறங்காது, கையால்தான் கல்லை எடுக்கவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கே நான் அங்கே இருந்தேன். தியேட்டர் மேலாளருக்குச் சுரங்கத்தில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கயிறு கட்டி எல்லாரையும் தள்ளி நிறுத்திவிட்டு, பக்கத்துச் சுரங்கத்திலிருந்து வந்த வெடிக்காரர் ஒருவரும் வீரமுத்துவும் மட்டும் கற்குவியலுக்குள் இறங்கினார்கள். ஒவ்வொரு கல்லாகக் கையால் எடுத்து வைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, குழியின் அடிப்பாகத்தைப் பார்த்து, வெடித்திருக்கிறது என்று ஒரு விரலைக் காட்டுவார்கள். அடுத்தது. கொளஞ்சியப்பன் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் பக்கத்தில் கண்ணையன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பத்து குழி பார்த்து முடிக்க மணி பத்தாகிவிட்டது. பதினொன்றாவது ஒரு பெரிய பாறைக்கு அடியில் இருந்தது. அதைப் புரட்டக் கூடாது, அசைக்கக் கூடாது, சுற்றியிருப்பதை ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். நான் என் பாக்கெட்டில் இருந்த ஜெபமாலையைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம். பிறகு வீரமுத்து நிமிர்ந்தார். கையில் ஒட்டியிருந்த சேற்றைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார், பத்து. அப்புறம் ஒரு விரலை நீட்டினார்.

பதினொன்றும் வெடித்திருந்தது.

கண்ணையன் அழுதுவிட்டான். எனக்கும் கண் கலங்கியது, தூசி என்று சொல்லிக்கொண்டேன். கொளஞ்சியப்பன் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை ஒரு தடவை துடைத்தார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்திருக்கிறது அண்ணே என்று கண்ணையன் அவர் காதருகே குனிந்து கத்தினான்.

“சரியா இருந்துச்சு. ஆனா நான் கேட்டு எண்ணுனதில்ல,” என்றார்.

அன்று மத்தியானமே நானும் கண்ணையனும் அவரைத் திருச்சிக்கு ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். இருசம்மாளும் வந்தார். பஸ்ஸில் வழி முழுக்க அவர் கணவரைத் திட்டிக்கொண்டே வந்தார். ஆறு மாதமாகக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, குழம்பில் உப்பு போதுமா என்று கேட்டால் பதில் இல்லை, கொழுப்பு என்று நினைத்து நானும் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன், காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று கேட்டார். அவருக்கே தெரியாது என்று நான் சொன்னேன். அப்படியானால் எனக்காவது தெரிந்திருக்க வேண்டாமா என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் விளக்கைப் பிடித்து இரண்டு காதையும் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். பிறகு அவர் சிரித்தார். காதுக் குறும்பிதான், ஆனால் சுண்ணாம்புக்கல் தூசி அதோடு சேர்ந்து சிமெண்ட் பூசினது மாதிரி அடைத்துக்கொண்டிருக்கிறது, மூன்று நாள் சொட்டு மருந்து விட்டு ஊற வைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். வியாழக்கிழமை காலையில் கழுவி எடுத்தபோது, இரும்புத் தட்டில் டங் என்று ஒன்று விழுந்தது. அரியலூர்ச் சுரங்கத்தில் பாதியை இங்கே வைத்திருக்கிறீர்கள் என்று டாக்டர் அதைக் காட்டினார். கொளஞ்சியப்பன் அதைப் பார்க்கவில்லை. மேலே மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். பன்னிரண்டு வருட வெடி இடக்காதில் மெல்லிய சத்தங்களைக் கொஞ்சம் தின்றுவிட்டிருந்தது, அது திரும்பாது. காதில் பஞ்சுபோல ஒன்றை வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டவேண்டும் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். வீரமுத்து அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, சரி, திங்கட்கிழமையிலிருந்து வா என்றார். ஆனால் ஒரு புது விதி போட்டார். இனிமேல் வெடியை இரண்டு பேர் எண்ணவேண்டும், தனித்தனியாக நின்று எண்ணவேண்டும், பிறகு ஒரே நேரத்தில் சொல்லவேண்டும். இரண்டாவது ஆள் கண்ணையன். இந்த விதி, நடுவில் மாவட்டம் கலைக்கப்பட்டு 2007-இல் அரியலூர் மறுபடி மாவட்டமான பிறகும் அந்தச் சுரங்கத்தில் இருந்தது. பெயின்டில் எழுதிய போர்டு வெளுத்துப்போய், திரும்ப எழுதியிருந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை படத்துக்குக் கடைசி நாள். திருச்சியிலிருந்து திரும்பிய பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதும்போதெல்லாம் கொளஞ்சியப்பன் துள்ளிக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், வீட்டுக்குப் போகாமல், மாலைக் காட்சிக்கு நேரம் இருக்கிறதா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஐந்தாவது வரிசையில் இந்தத் தடவை நான்கு பேர், இருசம்மாளையும் சேர்த்து. குகைக் காட்சியில் அந்த வசனம் வந்தபோது கொளஞ்சியப்பன் சிரித்தார். சிரித்துவிட்டு, இந்தக் கண்றாவியைத்தான் ஒரு வாரமாக நல்லா இருக்கிறது என்று சொன்னீர்களா என்று என்னைக் கேட்டார். இடக்கையில் ஒரு விரல் போய் இன்னொரு விரல் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குக் கோபமே வரவில்லை.

இருசம்மாள் திரையைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் அவர் பக்கம் சாய்ந்து, உதடு அசைவதே தெரியாத அளவுக்கு ஏதோ சொன்னார். கொளஞ்சியப்பன் தலையை ஆட்டி, உப்பு போதும் என்றார். அந்த அம்மாள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

கடைசிக் காட்சி. இருவரும் ஏழு வெடியையும் வைத்துவிட்டு வெளியே வந்து படுத்தார்கள். திரையில் குகை வாய், கறுப்பு. கொளஞ்சியப்பன் இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டார். அவருக்கு அந்தப் பக்கம் கண்ணையனும் அப்படியே வைத்துக்கொண்டான். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. பிறகு அந்த இடைவெளி. கொளஞ்சியப்பனின் விரல் அந்தரத்தில் நின்றது, மடங்கவில்லை. ஐந்து. ஆறு.

“ஆறு,” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

திரையில் கதாநாயகனும் கதாநாயகியும் எழுந்து, கையைக் கோத்துக்கொண்டு, புகை அடங்குவதற்குள் குகையை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். கொளஞ்சியப்பன் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டார்.

“ஒண்ணு உள்ள கெடக்குது,” என்று அரங்கமே கேட்கும்படி சொன்னார். “அரை மணி நேரம் யாரும் உள்ள போவக் கூடாது.”